டர்போ சங்கின் காற்று

பாவடித் தெருவில் அன்றைக்குக் காற்று வீசியதும் ஜனங்கள் முதலில் செய்த காரியம், அவரவர் வீட்டு ஜன்னலைச் சாத்தியதுதான். வேறு ஊராக இருந்தால், அதுவும் சித்திரை மாதத்து மத்தியானமாக இருந்தால், வாசலில் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். ஆனால் அது தறி ஓடுகிற தெரு. காவிரி கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது என்றாலும் தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள், கூடத்துக்குள்ளே மின்விசிறி கிடையாது, விசிறி சுற்றினால் பஞ்சு பறந்து பாவு நூலில் ஒட்டும், இழை அறுந்து தறி நிற்கும், ஆகவே அந்தத் தெருவில் காற்று என்றால் நூல் அறுக்க வந்த சனியன் என்றுதான் பேச்சு. அதனால், அர்த்தனாரி தன் வீட்டு வாசலில் கழற்றி வைத்த இரும்புச் சங்கிலிருந்து காற்று கிளம்பி, குளிர்ந்து, மிளகுக்கொடி வாசத்தோடு தெருவில் நடந்து போனபோது, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "யாரது கதவத் தொறந்து வெச்சது?" என்றுதான் கேட்டார்கள்.

அர்த்தனாரி எதிர்த்த கூடத்தில் வெகு காலம் தறி மேஸ்திரியாக இருந்தவர். ஓடுகிற தறியின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அவர் மனைவி நல்லம்மா அதே கூடத்தில் தறி ஓட்டியவள். வேலைக்கு வந்த புதிதில் வேர்வை தாங்காமல் வீட்டிலிருந்து ஒரு சின்ன மேசை விசிறியைத் தூக்கி வந்து மாட்டினாள், மேஸ்திரி வந்து ஒரு வார்த்தை பேசாமல் வயரைப் பிடுங்கிப் போட்டார், கலியாணம் அங்கிருந்து தொடங்கியது. "காத்தப் புடுங்கிட்டுத் தாலியக் கட்டுனாருங்க" என்று நல்லம்மா இதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அர்த்தனாரியும் கூடச் சிரிப்பார். ஆனால் சில வருஷங்களாக அவளுடைய சிரிப்பு இருமலில்தான் முடிந்தது, இருமல் விசிலில் முடிந்தது, கூடத்தில் இருந்த பஞ்செல்லாம் அவள் நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்துகொண்டு வாடகை கேட்டது. டாக்டர் அதற்கு ஒரு பெரிய பெயர் சொன்னார். தெருவில் அதற்குப் பஞ்சு நெஞ்சு என்று பெயர்.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகக் கொல்லிமலைக்கு வேனில் போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற ஏற நல்லம்மாவின் மூச்சு இளகியது, மேலே போனதும் விசில் நின்றே விட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அர்த்தனாரி மேஸ்திரி வேலையை விட்டார். பூம்புகார்ப் பக்கம் மீன் ஏலம் எடுக்கிற ஒருவரிடமிருந்து ஒரு பழைய வெள்ளை டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். மாதம் முழுவதும் கார் ஊருக்காக ஓடியது. தறி நிற்கிற அமாவாசை நாளில் மட்டும் நல்லம்மாவுக்காக ஓடியது, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு மலைக்கு. போய்விட்டு வந்தால் கொஞ்ச நாள் அவள் படுத்தபடி தூங்குவாள். பிறகு பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம்.

பங்குனி அமாவாசையன்று பாதி மலையில் கார் ஊளையிட்டது, இழுவை போயிற்று, பின்னால் கரும்புகை கக்கியது. திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பானட்டைத் திறந்து பார்த்தால் டர்போவின் கூடு வெடித்திருந்தது. எஞ்சின் விடுகிற புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான்தான் டர்போ, அது இல்லாமல் அந்தக் கார் மலை ஏறாது. புகை போகிற பக்கத்துக் கூடு கனத்த இரும்பு, பார்க்கச் சங்கைப் போலவே வளைந்திருக்கும், அதனால் அர்த்தனாரி அதைச் சங்கு என்றே சொன்னார். சேலத்துக்குப் போய்ப் புதுச் சங்கு ஒன்று வாங்கிவந்தார். மாட்டுகிற வேலையை வெளியாளிடம் விட அவருக்கு மனசு வரவில்லை. நல்லம்மாவின் மூச்சு அந்தச் சங்குக்குள் இருக்கிறது, அதை யார் கையிலோ கொடுத்துவிட்டு எப்படிச் சோறு தின்பது?

ஆகவே வீட்டு வாசலிலேயே வேலை தொடங்கியது. நல்லம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அர்த்தனாரி சூடு தடுக்கிற தகட்டைக் கழற்றினார், காற்றுக் குழாய்களைக் கழற்றினார், சங்கின் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்ததால் எண்ணெய் விட்டு ஊறப்போட்டுத் தட்டித் தட்டி இளக்கினார், இளகாத ஒன்று கழுத்தோடு முறிந்ததை மனசாரத் திட்டிவிட்டு டிரில் போட்டு எடுத்தார். குழாய் ஒன்று கழன்றபோதெல்லாம் கையை நீட்டினார், நல்லம்மா கழிவுப் பஞ்சை உருண்டையாக உருட்டிக் கொடுத்தாள், அவர் அதைக் குழாயின் வாயில் அடைத்தார். தறிக்காரன் திறந்த வாயைத் திறந்தபடி விடமாட்டான், தூசி போய்விடும் என்று பயப்படுவான், தூசி என்றால் அவனுக்குப் பஞ்சு, அதை அடைக்க அவனிடம் இருப்பதும் பஞ்சு. பழைய சங்கு இருந்த கோணம் மாறிவிடாமல் இருக்க வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற சக்கரத்தில் இடிக்காமல், தறிக்கூடத்து மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினார். சங்கு கையோடு வந்தது. அதைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய வேர்வை காய்ந்திருந்தது.

சாயங்காலம் எதிர்த்த கூடத்து முதலாளி குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார்.

"ஏனப்பா அர்த்தனாரி, மத்தியானத்துல இருந்து நம்ம கூடத்துல பாதித் தறி நின்னுபோச்சு. எத்தன இழையத்தான் முடி போடறது?"

"நா என்னங்க பண்ணட்டும்? கழட்டி வெச்சனுங்க, வருதுங்க."

"வந்தா? சாக்கப் போட்டு மூடு."

அர்த்தனாரி சாக்கைப் போட்டு மூடினார். சாக்கு பூரியைப் போல உப்பிக்கொண்டு எழுந்தது. அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைக்கக் குனிந்தபோது நல்லம்மா பேசினாள்.

"மூடாதீங்க."

அவள் சங்குக்கு நேர் எதிரே, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். குழந்தைவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். தறிச் சத்தத்தையும் மீறித் தெருவின் குறுக்கே வந்து வருஷக் கணக்காக அவர் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த விசில் இப்போது இல்லை. நல்லம்மாவின் நெஞ்சு சத்தம் போடாமல் ஏறி இறங்கியது. குழந்தைவேலு மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாள் காலையில் தன் கூடத்து ஜன்னல்களுக்கெல்லாம் தார்ப்பாய் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம் சங்கைப் பற்றி அவர் முறையிடவில்லை.

சங்கின் பக்கத்தில் முதலில் வந்து உட்கார்ந்தவள் குழந்தைவேலு கூடத்தில் தறி ஓட்டுகிற பூங்கோதை. கலியாணமாகி ஒரு குழந்தைக்காரி, நல்லம்மாவின் பழைய தறியைத்தான் இப்போது அவள் ஓட்டினாள். டீ குடிக்க வந்தவள், "அக்கா, சித்தே இருந்துட்டுப் போறேன்" என்று நல்லம்மாவின் ஸ்டூலில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். அதன் பிறகு கூடத்துக்குக் கூடம் முறை வைத்து ஆட்களை வெளியே விட வேண்டியதாயிற்று, அதற்குக் காத்து நேரம் என்று பெயர் விழுந்தது, கூலி பேசும்போது டீக் காசோடு காத்து நேரத்தையும் சேர்த்துப் பேசினார்கள். சங்கு சளைக்காமல் வீசியது. அதற்கு எதிரே அரிசி வடகம் பிழிந்தார்கள், வடகம் பொழுது சாய்வதற்குள் காய்ந்தது. தொட்டில் கட்டினார்கள், அழுத பிள்ளைகள் தூங்கின. பெண் பார்க்க வந்தவர்கள் பெண் வீட்டில் காபியைக் குடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து, காற்றுள்ள தெருவில் சம்பந்தம் கிடைப்பது லேசா என்று அங்கேயே பேசி முடித்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் சின்னக் காற்றாடி வைத்த கருவியோடு வந்து, சங்கின் வாயில் பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அசதியாக இருக்கிறது என்று பெஞ்சில் சாய்ந்தவர், பொழுது இறங்கிய பிறகு எழுந்து கருவியை மறந்துவிட்டுப் போனார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் காற்றைத் திறந்து வைக்க வந்தார். ஏற்கனவே வீசிக்கொண்டிருக்கிறதே என்று யாரும் சொல்லிக்காட்டவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுப்பதற்குள் காற்றே ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது, எல்லாரும் கை தட்டினார்கள்.

வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துருப்பிடித்த கீல்கள் கத்திய கத்தலில் அது தனியாகத் தெரிந்தது.

புதுச் சங்கு பொட்டலம் பிரிக்காமல் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கார் வாசலில் வாய் திறந்தபடி நின்றது. அர்த்தனாரி அதன் பக்கம் போகவே இல்லை. நல்லம்மா படுத்துத் தூங்குகிறாள், பேசுகிறாள், பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், மலையே வாசலுக்கு வந்துவிட்ட பிறகு எதற்காக மலைக்குப் போவது? மனுஷனுக்கு நல்லது நடக்கும்போது கை தானாகச் சோம்பிப் போகிறது.

ஆனால் மேஸ்திரியின் மூக்கு சோம்பவில்லை. முதல் வாரத்துக் காற்றில் மாசி மாதத்துப் பலாப்பிஞ்சு வாசம் இருந்தது. அப்புறம் தை மாதத்துப் பனி வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் காற்றில் மழை நசநசத்தது, வடகத்தைப் பெண்கள் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அது போன ஐப்பசியில் அவர்கள் கண்ணாடியை ஏற்றாமல் நனைந்துகொண்டே ஏறிய நாள். அதற்கும் பின்னால் ஆவணி வந்தது, ஆடி வந்தது. வாடகை ஓட்டங்களுக்கு நடுவே மலையேறிய நாளெல்லாம் பின்னோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது, அப்படியானால் ஒருநாள் அது முதல் பயணத்துக்கு வந்து சேரும், அதற்கப்புறம் சங்கில் என்ன இருக்கும்? அர்த்தனாரி யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் திரிந்துவிட்டு நல்லம்மாவிடம் சொன்னார்.

"தெரியுமுங்க," என்றாள். "ஐப்பசில நனைஞ்சமே, அந்த மழை வந்தன்னைக்கே தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். புதுச் சங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தெரு கூடிவிட்டது. எப்படித்தான் தெரியுமோ, பொட்டலத் தாள் கிழிகிற சத்தம் கேட்டே வந்தவர்களைப் போல வந்துவிட்டார்கள். குழந்தைவேலுதான் முன்னால் நின்றார். அவருக்கே இப்போது காத்து நேரம் இல்லாமல் சோறு இறங்குவதில்லை.

"அர்த்தனாரி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்காத. புதுசு அங்க ஏறுச்சுன்னா பழசு இங்க நின்னுபோகும்னு பேசிக்கறாங்க."

"அது தானாவே நிக்கப் போகுதுங்க. அதுக்குள்ள நா காரைத் தயார் பண்ணோணும்."

"நின்னா நிக்கட்டும். அதுவரைக்கும் நாம நிறுத்த வேண்டாமே. இத்தன பேரு நெஞ்சு இருக்குதப்பா."

அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார். தொட்டிலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பூங்கோதையைப் பார்த்தார். ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் நல்லம்மா, நடுவில் கையில் இரும்புக் கூட்டோடு அவர். கை ஓடவில்லை. சங்கைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது காற்றில் எலுமிச்சை வாசம் வந்தது.

அர்த்தனாரிக்குத் தெரிந்துவிட்டது. காரை வாங்கிவந்த மறுநாள், திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் பூஜை போட்டு, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதன்முதலாகக் கொல்லிமலைக்குப் புறப்பட்டார்கள். இது அந்தப் பழம். இதற்கு முன்னால் பயணம் கிடையாது. வாசம் கொஞ்ச நேரம் தெருவில் நின்றது, மெலிந்தது, காற்று நின்றது. தொட்டில் சேலைகள் தொங்கிப்போயின. நல்லம்மாவின் நெஞ்சில் பழைய விசில் ஆரம்பித்ததை அத்தனை பேரும் கேட்டார்கள். குழந்தைவேலு துண்டை எடுத்து விசிறப் போனார், விசிறிப் பழக்கமில்லாத கை, துண்டு அவர் முகத்திலேயே அடித்தது.

அதன் பிறகு சங்கு வேறொரு காற்றை விட்டது. ஈரமான காற்று. தோலில் பிசுபிசுத்தது, உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது, உள்ளே கருவாட்டு வாசம். சைவக்காரர்கள் நிறைந்த தெரு, பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அர்த்தனாரி மட்டும் புரிந்துகொண்டார். கார் அவரிடம் வருவதற்கு முன்னாலும் ஓடிக்கொண்டுதானே இருந்தது. இது அந்த மீன் ஏலக்காரர் ஓட்டிய நாள்.

"இது எந்த ஊருக் காத்துங்க?" என்று நல்லம்மா கேட்டாள்.

"கடக் காத்து புள்ள. உனக்கு ஆகாது, உள்ள வா. இழுக்கும்."

அவளுக்கு இழுக்கத்தான் செய்தது. ஆனால் ஸ்டூலை இன்னும் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து அந்தக் காற்றை வாங்கினாள், இருமினாள், மறுபடியும் வாங்கினாள்.

"நா கடலப் பாத்ததே இல்லைங்க," என்றாள். தெருவைப் பார்த்துத்தான் சொன்னாள். "இத்தன நாளு மலை மலைன்னு போனோம். மூச்சு வரணும்னு போனோம். இதுக்கு மூச்சே வேண்டாம் போல இருக்குதுங்க. என்னக் கூட்டிட்டுப் போங்க."

குழந்தைவேலு தன் கூடத்தைப் பார்த்து, "டேய், பெரிய ஸ்பானர் செட்ட எடுத்தாங்கடா" என்று சத்தம் போட்டார்.

புதுச் சங்கு வெள்ளைக் கோட்டின் கோணத்திலேயே போய் உட்கார்ந்தது. கேஸ்கட் வைத்தார், போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முறுக்கினார், குழாய்களை மாட்டினார். கடல் காற்று முதுகில் வீசிக்கொண்டே இருந்தது, பழசு நின்றுபோகும் என்று சொன்னவர்கள் அதைப் பார்த்து ஒன்றும் தெரியாதவர்களைப் போல நின்றார்கள். காரைக் கிளப்பியதும் தெரு ஆரவாரித்தது. ஆற்றுப் பாலத்து ஏற்றம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவரப் போனார். ஏற்றத்தில் கார் கரும்புகையைக் கக்கியது, இழுக்கவில்லை, மாட்டுவண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

திரும்பி வந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் தறியின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்னவருக்குத் தன் காரின் நோய் பிடிபடவில்லை. நல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து கதவோரம் நின்றாள்.

"எத்தன பஞ்சு உருட்டிக் குடுத்தேன்னு நெனப்பிருக்குதுங்களா?"

"என்ன?"

"அஞ்சு. கீழ கெடக்கறது நாலு."

அர்த்தனாரி இறங்கிப் போய்க் காற்றுக் குழாயைக் கழற்றினார். கையை உள்ளே விட்டார். ஐந்தாவது பஞ்சு எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலில் உள்ளே போய் இறுகி அடைத்துக்கொண்டிருந்தது, கறுத்து, எண்ணெய் குடித்து. பிய்த்துப் பிய்த்து முழுவதையும் எடுத்தார். நல்லம்மா கையை நீட்டி அந்தப் பஞ்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"காரு குடுத்து வெச்சிருக்குதுங்க," என்றாள். "மேஸ்திரி கைய விட்டு எடுத்துட்டாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மேசை விசிறிக் கதையைச் சொல்லும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. அர்த்தனாரி கையில் கிரீஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எடுக்க முடியாத பஞ்சை நினைத்து அழுதார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்கு வெட்கமாக இல்லை. நல்லம்மா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, அழட்டும் என்று நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்பட்டார்கள். காவிரி ஒரு பக்கம் கூடவே வந்தது. எதிரே பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி வந்தபோது அர்த்தனாரியின் விரல் அதுவாகவே போய் நல்லம்மா பக்கத்துக் கண்ணாடியை ஏற்றியது.

"மூடாதீங்க. வரட்டும்," என்றாள்.

பூம்புகாரில் அவள் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றாள். ஆறு கடலில் சேருகிற இடத்தை அவர் கை நீட்டிக் காட்டினார்.

"நம்மாத்துத் தண்ணிங்களா அது?"

"ஆமா."

"நம்மளுக்கு முன்னாலயே வந்து நிக்குதே," என்று சொல்லி நல்லம்மா சிரித்தாள். மூச்சு திணறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இருமலில் முடியவில்லை, சிரிப்பாகவே முடிந்தது. அர்த்தனாரி அதைக் கேட்டுக்கொண்டு ஈர மணலில் நின்றார். அவருக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் ஊர் திரும்பியபோது பழைய சங்கு நின்றுபோயிருந்தது. அதைக் குழந்தைவேலு தன் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். காற்று போன பிறகும் காத்து நேரம் போகவில்லை, ஆட்கள் முறைப்படி வெளியே வந்து, வெறும் வாசலில் உட்கார்ந்து, எழுந்து போனார்கள். அமாவாசைகளில் கார் மலைக்குப் போயிற்று. மார்கழிப் பனியில் நல்லம்மா செத்துப்போனாள்.

அதன் பிறகு அர்த்தனாரி காரை நிறுத்தவில்லை. கலியாணத்துக்கு ஓட்டினார், ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், பழனிக்கு ஓட்டினார். ஓடிய நாளெல்லாம் புதுச் சங்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது என்பதும், எல்லாவற்றுக்கும் அடியில் கடலும் நல்லம்மாவும் இருக்கும் நாள் இருக்கிறது என்பதும், ஒருமுறை கழற்றினால் அது ஒரே ஒருமுறைதான் வரும் என்பதும் தெருவுக்குத் தெரியும். அடுத்த சித்திரை வந்து கூடங்கள் கொதித்தன. கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று தொடங்கிய ஒருவனைக் குழந்தைவேலு பார்த்த பார்வையில் அவன் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டான்.

ஒருநாள் காத்து நேரத்தில், வெறும் வாசலில், அர்த்தனாரியின் காதில் ஒரு விசில் விழுந்தது. சின்ன விசில், கவனிக்காதவர்களுக்குக் கேட்காது. பூங்கோதை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவளைப் போல டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணிடமும் அந்த விசில் இருந்தது. காரில் நாலு பேரை ஏற்றி மலைக்குக் கொண்டுபோகலாம். தெருவை ஏற்ற முடியாது.

மறுநாள் காலையில் அவர் பானட்டைத் திறந்ததைப் பார்த்துவிட்டுக் குழந்தைவேலு ஓடி வந்தார்.

"வேண்டாம்ப்பா. அத ஒருக்காத் தொறந்தா..."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"நானேதானுங்க அன்னிக்கு விசிறி வயரைப் புடுங்குனவன்," என்றார் அர்த்தனாரி. பிறகு பூங்கோதையைக் கூப்பிட்டு ஸ்டூலைக் காட்டினார். "உக்காரம்மா. பஞ்சு உருட்டிக் குடு. எண்ணிக் குடு."

போல்ட்டுகள் இந்த முறை சுலபமாகவே கழன்றன. காற்று கிளம்பியது. பழனியின் திருநீறு வாசம் வந்தது, கலியாண வீட்டுச் சந்தனம் வந்தது, மார்கழியில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய நாளின் மருந்து வாசம் வந்தபோது அர்த்தனாரி எழுந்து உள்ளே போய்விட்டு, அது போன பிறகு வந்தார். அதற்கப்புறம் அமாவாசை மலைகள் ஒவ்வொன்றாக வந்தன. கூடம் கூடமாக ஆட்கள் வந்து அதை மூச்சில் வாங்கினார்கள், தொட்டில்கள் மறுபடியும் ஆடின, பூங்கோதையின் விசில் அடங்கியது, வைகாசி நெருங்கியது.

ஒரு சாயங்காலம் உதட்டில் உப்புக் கரித்தது. தெருவில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. குழந்தைவேலு கூடத்துக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினார், அடுத்தடுத்த கூடங்களும் நின்றன, தறிச் சத்தம் இல்லாத பாவடித் தெருவில் அலைக் காற்று ஈரமாக வீசியது, அதற்குள்ளே திணறித் திணறி வாங்கிய ஒரு மூச்சு இருந்தது, இருமலில் முடியாத ஒரு சிரிப்பு இருந்தது. அர்த்தனாரி வீட்டுக்குள் ஜன்னலோரம் நின்றிருந்தார். காற்று திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் தறிக்காரக் கை அதன் பழக்கப்படி ஜன்னல் கதவுக்குப் போயிற்று. கதவைத் தொட்ட கை நின்றது. பிறகு அவர், அதே ஜன்னலின் என்றைக்கும் திறக்காத மற்றொரு கதவின் தாழ்ப்பாளையும் விலக்கி, அதையும் விரியத் திறந்துவிட்டு, எலுமிச்சை வாசம் வந்து தீரும்வரை அங்கேயே நின்றார்.